மண்ணின் மறை தேர்ந்த கொன்ராட் ஷ்லும்பெர்ஜே

உலகிற்கு நலம் புரிந்த பெரியோருள் ஒரு சாரார் பெயர் எல்லார் நாவிலும் வழங்கும்; அவர் செய்த வினை இன்னதென்று அறிந்தாரோ சிலர். மற்றொரு சாரார் செய்த வினை நம் வீட்டு வாயிலிலேயே நாள்தோறும் பயன் தந்து நிற்கும். அவர் பெயரோ நம் செவியை எட்டுவதில்லை. பின்னவருள் ஒருவர் பிரஞ்சு நாட்டு அறிஞர் கொன்ராட் ஷ்லும்பெர்ஜே என்பார். நிலநூல் வல்லாரும் எண்ணெய்க் கிணறு தோண்டுவாரும் அவர் பெயரை நன்கறிவர். நம் நாட்டில் அதனை ஸ்லம்பர்ஜர் என ஆங்கில ஒலிப்படி வழங்குவர். தமிழ் பயிலும் எமக்கு அவரை அறியும் வாய்ப்பு முதலில் நூலகத்தில் வாய்க்கவில்லை. எம்மூர்ப் புழுதிக் காட்டில் வாய்த்தது. அஃது எங்ஙனம் என்பதை முதற்கண் கூறி, அப்பால் அவர் வரலாற்றிற் புகுவோம்.

கோயம்புத்தூரினின்று திருச்சிராப்பள்ளிக்குச் செல்லும் பெருவழியில், காங்கயத்திற்கும் கரூருக்கும் இடையே, வெள்ளகோவில் என்னும் ஊர் உளது. அஃது எம்மூர். ஒரு புறம் திருப்பூரின் பின்னலாடைத் தொழிலும், மறுபுறம் கரூரின் நெசவுத் தொழிலும் சூழ நிற்றலின், எம்மூரில் விசைத்தறிகளின் ஒலி இரவும் பகலும் ஓய்வதில்லை. எண்ணெய் ஆலைகளும் முருங்கைத் தோட்டங்களும் பல. ஆயினும் மழை வளம் குன்றிய நாடு அது. கிளுவை வேலி சூழ்ந்த கொறங்காடுகளில் கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமுமே மிக்கிருக்கும். மேலே செம்மண்ணும் சரளையும். சில முழம் தோண்டினாற் பாறை. கிணறு வெட்டிக் கைப்பொருள் இழந்தார்க்கெல்லாம் இவ்வுண்மை நன்கு விளங்கும்.

எம் உறவினர் ஒருவர் சென்ற ஆண்டு அங்கே சிறியதொரு தறிக்கூடம் அமைக்கத் தொடங்கினார். அதற்கு முந்திய கோடையில், அண்டையூர்த் தறிக்கூடம் ஒன்றில், மின்கசிவுற்ற தறியைத் தொட்ட தொழிலாளி ஒருவர் தூக்கியெறியப்பட்டு, இறையருளால் உயிர் பிழைத்தார். அக்கூடத்தில் புவியிணைப்பு இல்லாமலில்லை. மின்வினைஞர் எர்த்து என வழங்கும் அக்குழியைத் தோண்டி, இரும்புக் குழாய் இறக்கி, கரியும் உப்பும் இட்டு, எல்லாம் வழக்கப்படியே செய்திருந்தனர். செய்தும் அது காவாதொழிந்தது. அவ்வச்சம் எம் உறவினர் உள்ளத்தை வருத்தவே, பணியினின்று ஓய்வு பெற்ற மின்பொறியாளர் ஒருவரை அவர் அழைத்து வந்தார்.

வந்த பெரியவர் உடனே குழி தோண்டப் பணிக்கவில்லை. நான்கு இரும்பு முளைகளை நேர்கோட்டில் சம இடைவெளி விட்டு நிலத்தில் அடித்து, அவற்றைக் கம்பிகளால் ஒரு கருவியுடன் பிணைத்தார். நீரோட்டம் பார்க்கின்றார் போலும் என யாம் கருதினோம். முளைகளின் இடைவெளி 1 மீட்டர் ஆனபோது கருவி 9.8 ஓம் காட்டியது. 2 மீட்டர் ஆனபோது 6.9, 4 மீட்டர் ஆனபோது 6.1, 8 மீட்டர் ஆனபோது 5.6. இடைவெளி பெருகப் பெருகக் கருவி மேன்மேலும் ஆழத்திலுள்ள மண்ணைச் சுட்டும் என அவர் முன்னரே உரைத்திருந்தார். எண்கள் படிப்படியாகக் குறைதலைக் கண்ட யாம், ஆழத்தில் தடை குறைவு, ஆதலின் நீண்ட குழாயை ஆழ இறக்கினாற் போதும் என முந்திக்கொண்டு முடிவு கூறினோம். பெரியவர் புன்முறுவல் பூத்து, எம் முடிவு முற்றும் தலைகீழானது என்றும், அதன் காரணம் அறிய வேண்டின் ஷ்லும்பெர்ஜேயின் வரலாற்றைத் தேடிக் கற்க வேண்டும் என்றும் உரைத்தார். நாணத்துடன் யாம் தேடிக் கற்றவற்றையே ஈண்டுத் தருகின்றோம்.

கொன்ராட் ஷ்லும்பெர்ஜே 1878-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 2-ஆம் நாள், ஆல்சாஸ் மாநிலத்துக் கெப்வில்லேர் என்னும் ஊரிற் பிறந்தார். அம்மாநிலம் 1871-இல் போரின் விளைவாகப் பிரான்சினின்று பிரிக்கப்பட்டு ஜெர்மனியுடன் சேர்க்கப்பட்டிருந்த காலம் அது. அவர் குலத்தார் நூற்றொழிலில் மேம்பட்டவர். அக்குலத்து நிக்கோலா ஷ்லும்பெர்ஜே என்பார் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவ்வூரில் நூற்பாலை நிறுவி, பின்னர் நூற்பு இயந்திரங்களையும் செய்து புகழ் பெற்றார். தறியொலி கேட்டு வளர்ந்த எமக்கு, நூலாலைகளின் நடுவே பிறந்த ஒருவரே எம்மூர்த் தறிகளைக் காக்கும் கலைக்கும் துணை நின்றார் என்பதை அறிந்தபோது உண்டான உவகை சிறிதன்று.

தந்தையார் பால் ஷ்லும்பெர்ஜே தொழிலதிபர் எனினும், உள்ளத்தாற் கலையன்பர். தாயார் மார்கெரித் அம்மையார் பிரஞ்சு அமைச்சராகவும் வரலாற்றாசிரியராகவும் விளங்கிய கீஸோவின் பெயர்த்தி. மகளிர் வாக்குரிமைக்காகப் பல்லாண்டு உழைத்தவர். சீர்திருத்தக் கிறிஸ்தவ மரபில் வந்த அக்குடும்பத்தில் உழைப்பும் எளிமையும் மக்கட்கு இளமையிலேயே ஊட்டப்பெற்றன. தமையனார் ஜான் எழுத்தாளராய்ப் பெயர் பெற்றார். இளவல் மர்செல் பொறியாளரானார். கொன்ராட் இயற்பியலில் வேட்கை மிக்கவராய், 1898-இல் பாரிஸ் நகரத்துப் பாலிடெக்னிக் என்னும் உயர்கல்விக் கழகத்திற் சேர்ந்தார். பின் சுரங்கவியல் கற்று, 1907-இல் அந்நகரத்துச் சுரங்கக் கல்லூரியிலேயே இயற்பியல் ஆசிரியராக அமர்ந்தார்.

சுரங்கம் தோண்டுவார்க்கு அக்காலத்தில் இருந்த இடர் பெரிது. நிலத்தின் மேற்புறத்தைக் கண்ட பின், உள்ளே உள்ளது யாதென ஊகித்து, பெரும்பொருள் செலவிட்டுத் துளையிடுவர். ஊகம் பிழைத்தால் பொருளும் உழைப்பும் பாழ். எம்மூரில் தேங்காயை உள்ளங்கையில் வைத்தும், வேப்பங்கவட்டை ஏந்தியும் நீரோட்டம் பார்ப்பாரை நம்பிக் கிணறு வெட்டுவார் நிலையும் ஏறத்தாழ அதுவே. கொன்ராட் இதனை எண்ணினார். உலோகக் கனிகள் பல மின்சாரத்தை எளிதிற் செல்லவிடும். வறண்ட பாறை செல்லவிடாது தடுக்கும். ஆயின், நிலத்தினுள் மின்னோட்டத்தைச் செலுத்தி, அஃது எங்ஙனம் பரவுகின்றது என மேற்பரப்பில் நின்றே அளந்தால், தோண்டாமலே உள்ளிருப்பதை உணரலாகாதோ? இவ்வொரு வினாவே அவர் வாழ்நாள் முழுதும் பற்றி நின்ற வினா.

1911-ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் அவர் முதற்சோதனையைத் தொடங்கினார். சோதனைக் களம் ஒரு செப்புக் குளியல் தொட்டி. அதில் மணலை நிரப்பி, மின்னோட்டம் செலுத்தி, ஆங்காங்கு மின்னழுத்தத்தை அளந்தார். அடுத்த ஆண்டு, நார்மண்டிப் பகுதியில் வால்-ரிஷே என்னும் குடும்பத் தோட்டத்தில், மெய்யான நிலத்திலேயே அச்சோதனையைச் செய்தார். இரு முளைகள் வழியே மின்னோட்டத்தைச் செலுத்தி, சம அழுத்தமுள்ள இடங்களையெல்லாம் கோட்டால் இணைத்துப் படம் வரைந்தார். நிலம் எங்கும் ஒரு தன்மைத்தாயின் அக்கோடுகள் ஒழுங்குற வளையும். உள்ளே மாறுபட்ட பொருள் மறைந்திருப்பின் கோடுகள் கோணும். நீரோட்டத்தின் நடுவே கல் ஒன்று மூழ்கிக் கிடப்பின், மேலே அலை மாறுதலைக் காண்கின்றோமன்றோ? அதனை ஒத்தது இது.

கேட்பதற்கு எளிதாயினும், செய்தற்கு அரிய பணி அது. ஈர மண்ணில் அடித்த உலோக முளை தானே ஒரு சிறு மின்கலம் போல் அழுத்தத்தை உண்டாக்கும். அப்பொய்யழுத்தம் மெய்யழுத்தத்துடன் கலந்து அளவைக் கெடுத்துவிடும். கொன்ராட் இதற்கு மாற்றாக, நுண்துளையுள்ள சிறு கலங்களில் மயில்துத்தக் கரைசலை நிரப்பி, அதனுள் செப்புக் கம்பியை நிறுத்தி, அக்கலங்களையே நிலத்தில் வைத்து அழுத்தத்தை அளந்தார். இக்காலக் கருவிகள் மின்னோட்டத்தின் திசையை மாற்றி மாற்றிச் செலுத்தி இவ்விடரைக் களைகின்றன. நிலம் பொய்யுரைப்பதில்லை, அளப்பவன் தன் பிழையையே நிலத்தின் விடையாகக் கொள்ளுதல் கூடும். இவ்வெச்சரிக்கை கொன்ராட்டிடம் என்றும் இருந்தது.

1913-இல் செர்பிய நாட்டுப் போர் என்னும் இடத்துச் செப்புச் சுரங்கப் பகுதியில், கனி தானே இயல்பாக உண்டாக்கும் மின்னழுத்தத்தை அளந்து, மறைந்திருந்த செப்புக் கனியின் இருப்பை அவர் காட்டினார். வெற்றி கண்ட வேளையில் 1914-இல் உலகப்போர் மூண்டது. ஆராய்ச்சி நின்றது, ஆசிரியர் பீரங்கிப் படையின் அலுவலரானார். 1918-இல் போர் முடிந்தபோது அவர்க்கு வயது நாற்பது. மீண்டும் தொடங்கப் பொருளும் துணையும் வேண்டியிருந்தன.

அவ்விரண்டையும் குடும்பமே அளித்தது. 1919-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் தந்தையார் பால், மக்கள் கொன்ராட், மர்செல் ஆகிய இருவருடனும் ஓர் உடன்படிக்கை எழுதினார். ஆராய்ச்சிக்காக ஐந்து இலட்சம் பிராங்கு வரை தாம் அளிப்பதாக அவர் உறுதி கூறினார். ஆனால் ஒரு கட்டளையும் இட்டார். அறிவியல் நலமே முதன்மை பெற வேண்டும். பொருள் வருவாய் அதன் பின்னரே கருதப்பட வேண்டும் என்பது அக்கட்டளை. ஆலையாளும் குடியிற் பிறந்த முதியவர் ஒருவர், ஈட்டிய பொருளை ஈட்டத்தின் பொருட்டன்றி உண்மையின் பொருட்டு விதைத்தார் என்பது எண்ணுந்தோறும் வியப்பளிக்கின்றது. அடுத்த ஆண்டே, 1920-இல், கொன்ராட் தம் முறையை விளக்கும் நூலை வெளியிட்டார்.

தொடக்கத்தில் அவர் வரைந்த கோட்டுப்படம், மாறுபட்ட பொருள் எப்பக்கம் உள்ளது என்பதைக் காட்டிற்று. எத்துணை ஆழத்தில் உள்ளது என்பதைத் தெளிவுறக் காட்டவில்லை. ஆழத்தை அறியும் வழி நான்கு முளை முறையில் அமைந்தது. புறத்தே இரு முளைகள் மின்னோட்டத்தைச் செலுத்தும். அகத்தே இரு முளைகள் அழுத்தத்தை அளக்கும். இரு முளைகளே போதாவோ எனின், போதா. முளை மண்ணைத் தொடும் இடத்திலுள்ள தொடுதடையே மிகப் பெரிதாய், மண்ணின் இயல்பை மறைத்துவிடும். அளக்கும் முளைகளைச் செலுத்தும் முளைகளினின்று பிரித்துவிடின் அம்மறைப்பு நீங்கும்.

இதே காலத்தில், அட்லாண்டிக் கடலுக்கு அப்பால், அமெரிக்க அளவைத் தரக் கழகத்தைச் சார்ந்த பிராங்க் வென்னர் என்பாரும் 1915-இல் நான்கு முளை முறையை வெளியிட்டார். வென்னர் முறையில் நான்கு முளைகளும் சம இடைவெளியில் நிற்கும். ஒவ்வொரு முறையும் நான்கையும் பெயர்த்து நடல் வேண்டும். ஷ்லும்பெர்ஜே முறையில் அகமுளைகள் இரண்டும் நடுவில் நெருங்கி நிற்க, புறமுளைகளை மட்டும் இருபுறமும் விலக்கிச் செல்வர். இடமாற்றம் குறைதலின் உழைப்பு குறையும். அகமுளைகளின் அருகே உள்ள சிறு சிறு மண்வேறுபாடுகள் அளவை அடிக்கடி குலைப்பதும் குறையும். எம்மூர்ப் பெரியவர் செய்தது வென்னர் முறை. கிணற்றுக்கு நீர் தேடும் நிலநூலார் நம் பாறை நாட்டில் பெரிதும் கையாள்வது ஷ்லும்பெர்ஜே முறை. இரண்டிற்கும் உயிர்நாடி ஒன்றே: முளைகள் அகல அகல, மின்னோட்டம் ஆழ ஆழச் செல்லும், மேற்பரப்பில் நடந்த தூரமே ஆழத்திற்கு ஏணியாகும்.

1923-இல் ருமேனிய நாட்டு அரிசெஷ்டி என்னும் இடத்தில், நிலத்தடியே குவடுபோல் எழுந்திருந்த அமைப்பொன்றைக் கொன்ராட்டின் குழுவினர் மின்னளவையால் வரைந்து காட்டினர். எண்ணெய் தேடுவார் அவரை நாடத் தொடங்கினர். 1926-இல் உடன்பிறந்தார் இருவரும் நிறுவனம் ஒன்றை அமைத்தனர். மறு ஆண்டு, 1927 செப்டம்பர்த் திங்கள் 5-ஆம் நாள், ஆல்சாஸில் பெஷெல்பிரான் எண்ணெய்ப் பகுதியில், கொன்ராட்டின் மருகர் ஹென்றி டோல் என்பார் துணைவர் சிலருடன் முளைகளைத் துளைக்கிணற்றினுள்ளேயே இறக்கி, படிப்படியாக நின்று நின்று அளந்து, உலகின் முதல் மின்கிணற்றுப் பதிவைச் செய்தார். மேலே நின்று ஊகித்ததை உள்ளே சென்று சரிபார்க்கும் வழி இதனாற் கிட்டிற்று. தாம் பிறந்த மண்ணிலேயே தம் முறைக்கு இவ்வளர்ச்சி வாய்த்தது கொன்ராட்டுக்கு எத்துணை நிறைவளித்திருக்கும் என்பதை நாமே உணர்ந்துகொள்ளலாம்.

எம் தறிக்கூடத்திற்கு மிக நெருங்கிய பகுதி இனி வருகின்றது. 1930-இல் ருமேனிய அறிஞர் ஸ்டெபனெஸ்குவும் ஷ்லும்பெர்ஜே உடன்பிறந்தாரும் சேர்ந்து ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டனர். அடுக்கடுக்காய் அமைந்த நிலத்தில், ஒரு புள்ளியில் நிறுத்திய புவியிணைப்பைச் சூழ மின்னழுத்தம் எங்ஙனம் பரவும் என்பதே அதன் பொருள். கனி தேடும் முளையும், தறியைக் காக்கும் எர்த்துக் குழாயும் இயற்கையின் கண்ணில் வேறல்ல. இரண்டும் மண்ணுக்குள் மின்னோட்டத்தை விடும் வாயில்களே. ஒன்றிற்குக் கண்ட கணக்கு மற்றொன்றிற்கும் பொருந்தும். அடுக்கு நிலத்தில் துணைமின் நிலையங்களுக்கும் ஆலைகளுக்கும் புவியிணைப்பு வகுப்பார் இன்றும் அத்தகைய கணக்கையே அடிப்படையாகக் கொள்கின்றனர். புவியிணைப்புக்குரிய இந்தியத் தரநூலாகிய ஐ.எஸ். 3043-உம் நான்கு முளை அளவையைக் கூறுகின்றது.

1929 முதற்கொண்டு சோவியத்து நாட்டு எண்ணெய் வயல்களிலும் கொன்ராட்டின் குழுவினர் பணி புரிந்தனர். அந்நாட்டிற்குச் சென்று மீளும் வழியில், 1936-ஆம் ஆண்டு மே திங்கள் 9-ஆம் நாள், ஸ்டாக்ஹோம் நகரில் அவர் திடீரென உயிர் நீத்தார். அப்போது அவர்க்கு வயது ஐம்பத்தேழு. இளவல் மர்செல் 1953-இல் மறையும் வரை அப்பணியை நடத்தினார். உலகெங்கும் பரவிய அந்நிறுவனம் 2022-இல் தன் பெயரை எஸ்.எல்.பி. எனச் சுருக்கிக்கொண்டது. ஆயினும் நிலத்தில் முளை அடிப்பாரிடையே ஷ்லும்பெர்ஜே என்னும் பெயர் சுருங்காது நிலைத்துள்ளது.

இனி, எம் பிழைக்கு மீள்வோம். கருவி காட்டுவது நான்கு முளைகட்கிடையே நின்ற தடையையேயன்றி மண்ணின் இயல்பை அன்று. இடைவெளி பெருகும்போது மின்னோட்டம் அகன்ற பெருவெளியிற் பரவுதலின், மண் எங்கும் ஒரு தன்மைத்தாயினும் அத்தடை இடைவெளிக்கேற்பக் குறைந்தே தீரும். ஆதலின் அதனை இடைவெளியாலும், 6.28 என்னும் எண்ணாலும் பெருக்கியே மண்ணின் மின்தடை எண்ணை அறிதல் வேண்டும். அங்ஙனம் பெருக்கியபோது 9.8 என்பது ஏறத்தாழ 62 ஓம்-மீட்டர் ஆயிற்று, 6.9 என்பது 87, 6.1 என்பது 153, 5.6 என்பது 281. யாம் இறங்குவதாகக் கண்ட வரிசை, உண்மையில் விரைந்து ஏறிக்கொண்டிருந்தது! மேலே ஏறத்தாழ 2 மீட்டர் வரை நன்மண்; அதன் கீழே மின்னை ஏலாத பாறை. இதுவே அவ்வெண்கள் உரைத்த செய்தி.

இவையும் மெய்யான மின்தடை எண்கள் அல்ல, தோற்ற எண்களே. 281 ஓம்-மீட்டர் மண் என ஓரிடத்தும் ஒன்றில்லை. மேல்மண்ணும் கீழ்ப்பாறையும் கலந்து தோற்றுவித்த எண் அது. ஓர் எண்ணைத் தனியே நோக்கினால் நிலம் புலப்படாது. எண்கள் ஏறும் வழியை நோக்கினாலே புலப்படும். வரிசை ஏறின் கீழே வறண்ட பாறை. இறங்கின் கீழே ஈரமோ களிமண்ணோ உண்டு. ஏறி இறங்கின் நடுவே வறண்ட அடுக்கு. வேறுபட்ட இரு நிலங்கள் ஒரே வரிசையைத் தருதலும் உண்டு. ஆதலின் அருகிலுள்ள கிணற்றின் சுவரையும் பார்த்து ஒப்பு நோக்குதல் அறிவுடைமை.

அண்டையூர்க் குழாய் ஏன் காவாதொழிந்தது என்பதும் இப்போது விளங்கும். 3 மீட்டர் நீளமும் 40 மில்லிமீட்டர் விட்டமும் உள்ள குழாய், 60 ஓம்-மீட்டர் மண்ணில் ஏறத்தாழ 17 ஓம் தடை தரும். 280 ஓம்-மீட்டர் மண்ணில் 80 ஓம் தரும். 230 வோல்ட்டில் மின் கசியின், முன்னதன் வழியே ஏறத்தாழ 13 ஆம்பியரும், பின்னதன் வழியே 3 ஆம்பியரும் தவிர ஓடா. 16 ஆம்பியர் உருகியை எரிக்க இரண்டும் போதா. உருகி எரியாமையால் தறியின் இரும்புச் சட்டம் உயிருள்ள மின்கம்பி போலவே நிற்கும். அதனைத் தொடுபவனே புவியிணைப்பாகின்றான். குழியுண்டு, குழாயுண்டு, காவலில்லை.

எனவே பெரியவர் ஆழ்குழாயை விலக்கினார். பாறையில் எத்துணை ஆழம் சென்றாலும் பயன் சிறிதே. நல்லது மேலுள்ள மண். ஆகவே கூடத்தைச் சுற்றி முக்கால் மீட்டர் ஆழத்தில் இரும்புப் பட்டையை வளையமாகப் பதித்து, இடையிடையே குட்டையான குழாய்களை இணைத்தார். அதனோடு, 30 மில்லியாம்பியர் கசிந்த அளவிலேயே மின்னைத் துண்டிக்கும் கருவியையும் அமைப்பித்தார். புவியிணைப்பும் துண்டிக்கும் கருவியும் ஒன்றற்கொன்று துணையேயன்றி மாற்றன்று என்பது அவர் கொள்கை. மேல்மண் கோடையிற் காயும் ஆதலின், வறண்ட சித்திரைத் திங்களில் அளப்பதே நன்று என்றும், மழைக்காலத்து நல்லெண்ணை நம்புவோர் கோடையில் ஏமாறுவர் என்றும், புதைந்த நீர்க்குழாய்கள் அளவைக் கெடுக்கும் ஆதலின் பல திசைகளிலும் அளத்தல் வேண்டும் என்றும் அவர் எமக்கு அறிவுறுத்தினார்.

விதைப்பவன் உவமையை நாம் சிறுபருவம் முதற் கேட்டிருக்கின்றோம். விதை ஒன்றே, விழுந்த நிலம் வேறு. மண் ஆழமில்லாத பாறை நிலத்தில் விழுந்தது விரைந்து முளைத்தும் வெயிலிற் கருகிற்று. நிலத்தை ஐந்தாகப் பகுத்து, ஒவ்வொன்றிற்கும் உரிய ஒழுக்கம் கண்டவர் நம் தமிழ் முன்னோர். இவ்விரண்டையும் கற்ற யாம், எர்த்துக் குழாய் எந்நிலத்திற்கும் ஒன்றே என எண்ணியிருந்தது பேதைமையன்றோ?

கொன்ராட் ஷ்லும்பெர்ஜே நமக்கு விட்டுச் சென்றது நான்கு முளைகள் மட்டுமல்ல. வினவாமல் தோண்டாதே, கிடைத்த விடையையும் ஆராயாமல் நம்பாதே என்னும் ஒழுக்கமும் ஆம். நண்பர்காள்! அறிவியல் பயில்வோர் அவர் கணக்கைக் கற்க. கலை பயில்வோர் அவர் பொறுமையைக் கற்க. எம்மூர்த் தறிக்கூடத்தில் இப்போது தறிகள் ஓடுகின்றன. சென்ற விடுமுறையில் சென்றபோது, ஒரு சிறுவன் தன் தந்தைக்கு உணவு கொணர்ந்து, தறியின் இரும்புச் சட்டத்தில் கையூன்றி நின்று பேசிக்கொண்டிருந்ததைக் கண்டோம். அவன் காலடியில், ஒன்றரை முழத்திற்குச் சற்று மிக்க ஆழத்தில், அவன் பெயர் கேட்டறியாத பிரஞ்சு ஆசிரியர் ஒருவரின் உழைப்பு புதைந்து கிடந்து அவனைக் காத்து நின்றது.